கூலிங் டவர் ஃபில்: பீன்யா தண்ணீரில் ஓட்டிப் பார்த்ததில்

பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டை இரண்டாம் ஸ்டேஜில் எங்கள் யூனிட்டில் இரண்டு கூலிங் டவர் ஓடுகின்றன. ஒன்று ஹீட் ட்ரீட்மென்ட் பக்கம். சூடான இரும்பை முக்கிக் குளிர்விக்கும் க்வென்ச் ஆயிலையும் இண்டக்‌ஷன் ஹீட்டரையும் ஆற்றிக் கொடுப்பது அதன் வேலை. இன்னொன்று மோல்டிங் பக்கத்துச் சில்லருக்கு. மெயின்டனன்ஸில் பத்து வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியதில் இந்த இரண்டுக்குள்ளும் மர ரீப்பர், 19 எம்எம் கிராஸ் ஃப்ளூட், பிபி கிரிட், செங்குத்து ஃப்ளூட் என்று நாலு வகை ஃபில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தாயிற்று. டவருக்குள் சூடான தண்ணீரைப் பரப்பிக் காற்றில் ஆற விடும் அடுக்குதான் ஃபில். புதிதாக ஃபில் மாற்றப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் ஃபில் வாங்குகிறவர் குளிர்ச்சியைப் பற்றிக் கொஞ்சம் அசட்டையாக இருக்கலாம், தண்ணீரைப் பற்றி மட்டும் அசட்டையாக இருக்கக் கூடாது.

காரணம் இந்த ஊரின் காற்று. டவரிலிருந்து வரும் தண்ணீர் எவ்வளவு நல்ல ஃபில் போட்டாலும் வெட் பல்ப் வெப்பநிலைக்கு, அதாவது ஈரத் துணி சுற்றிய தெர்மாமீட்டர் காற்றில் காட்டும் அளவுக்கு, கீழே போகாது. அதற்கு எத்தனை டிகிரி மேலே நிற்கிறது என்பதுதான் அப்ரோச். சென்னையில் டவரை டிசைன் செய்கிறவர்கள் வெட் பல்பை 28 டிகிரி அளவில் எடுத்துக்கொள்வார்கள். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், காற்றும் அவ்வளவு ஈரம் இல்லை. இங்கே 23, 24 போட்டால் போதும். அதே 4 டிகிரி அப்ரோச் கொடுக்கும் டவர் அம்பத்தூரில் 32 டிகிரி தண்ணீர் கொடுத்தால் பீன்யாவில் 28 கொடுக்கும். அம்பத்தூரில் இதே வேலை பார்க்கும் என் மச்சான், "உங்களுக்கென்ன மாமா, சும்மா ஃபேன் போட்டாலே ஆறிடும்" என்பான். முழுக்க உண்மை இல்லை. ஏப்ரலில் 36 டிகிரி வெயில் அடித்தாலும் காற்று காய்ந்திருந்தால் டவர் ஜம்மென்று ஓடும். மழை பெய்து ஓய்ந்த புழுக்கத்தில்தான் இங்கேயும் திணறும். ஆனாலும் நம் கையில் நாலு டிகிரி சும்மா கிடைத்திருக்கிறது. அதில் ஒன்றை விட்டுக்கொடுத்து அடைக்காத ஃபில்லாக வாங்கலாம். சென்னைக்காரருக்கு அந்த வசதி இல்லை.

தண்ணீருக்கு வருவோம். காவிரித் தண்ணீர் ஃபேக்டரிக்கு அளந்துதான் வரும். மற்றதெல்லாம் போர்வெல், டேங்கர், இப்போது சுத்திகரித்த கழிவுநீர். இந்த ஊர்ப் போர் பாறைக்குள் இறங்கியது. ஹார்ட்னெஸ்ஸும் சிலிகாவும் சேர்ந்தே வரும். டேங்கர்க்காரர் எந்தப் போரில் நிரப்பினார் என்பது அவருக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம்.

இதோடு ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 100 கனமீட்டர் சுற்றும் டவரில் 5 டிகிரி இறக்கினால், மணிக்கு ஏறக்குறைய 0.77 கனமீட்டர் ஆவியாகிப் போகும். அது போயே தீரும், எந்த ஃபில்லும் அதைத் தடுக்காது. ஆவியான தண்ணீரின் உப்பு மிச்சத் தண்ணீரில் சேரும். நம் கையில் இருப்பது அந்த உப்புத் தண்ணீரில் கொஞ்சத்தை வெளியே விடும் ப்ளோ டவுன் மட்டும். உப்பு மூன்று மடங்கு செறியும்வரை விட்டால் மணிக்கு 0.38 கனமீட்டர் வெளியே விட வேண்டும். ஐந்து மடங்குவரை விட்டால் 0.19 போதும். இருபத்து நாலு மணி நேரத்துக்கு வித்தியாசம் நாலரை கனமீட்டர். 6,000 லிட்டர் டேங்கரில் முக்கால் டேங்கர். டேங்கர் பில்லைப் பார்க்கும் எந்த மேனேஜரும் "ப்ளோ டவுனைக் குறைங்க" என்றுதான் சொல்வார். அவர் மிச்சம் பிடித்த உப்பெல்லாம் எங்கே போகும்? ஃபில்லில்தான் போய் உட்காரும்.

ஹீட் ட்ரீட்மென்ட் டவரில் முதலில் இருந்தது மர ரீப்பர். தண்ணீர் சட்டத்தின் மேல் விழுந்து சிதறும். அந்தத் துளிகளைக் காற்று ஆற்றும். இதற்குத்தான் ஸ்பிளாஷ் ஃபில் என்று பெயர். அடைப்பு என்ற பேச்சே கிடையாது. ஆனால் மரம் ஊறி, குளோரின் அடித்து, நார் நாராகப் பிரிந்து, பம்ப் ஸ்ட்ரெய்னரில் வந்து நிற்கும். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை.

அதை எடுத்துவிட்டு வந்தது 19 எம்எம் கிராஸ் ஃப்ளூட் பிவிசி ஃபில். மெல்லிய அலை வடிவத் தகடுகளை 19 எம்எம் இடைவெளியில் ஒன்றுக்கொன்று எதிர்ச்சாய்வாக ஒட்டிய பிளாக். தண்ணீர் துளியாகச் சிதறாமல் தகட்டின் மேல் படலமாகப் படர்ந்து இறங்கும். இது ஃபிலிம் ஃபில். ஒரு கனமீட்டர் பிளாக்குக்குள் ஏறக்குறைய 150 சதுர மீட்டர் பரப்பு. அதனால் அதே டவர், அதே ஃபேன், ஆனால் தண்ணீர் இரண்டு டிகிரிக்கு மேல் கூடுதலாக ஆறி வந்தது. ஹீட் ட்ரீட்மென்ட் சூப்பர்வைசர் வந்து டீ வாங்கிக் கொடுத்தார். 1925இல் மெர்க்கல் என்ற ஜெர்மானியர் போட்ட சமன்பாட்டைத்தான் இன்றைக்கும் வென்டர்கள் கம்ப்யூட்டரில் ஓட்டிக் கொட்டேஷனோடு நீட்டுகிறார்கள். கணக்கில் தப்பில்லை. அந்தக் கணக்கில் ஃபில் எப்போதும் புதுசாகவே இருக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது கோடையிலேயே டவரின் அடித்தொட்டியான பேசினில் வெப்பநிலை மெல்ல ஏறியது. ஃபேன் சரி, பம்ப் சரி, நாசில் சரி. ஷட்டவுனில் லூவரைக் கழற்றி, காற்று நுழையும் ஓரத்திலிருந்து ஒரு பிளாக்கை உருவினோம். புதிதாக வந்தபோது ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு ஏணி ஏறிய அதே சைஸ் பிளாக். இப்போது கிருஷ்ணகிரிக்கார ஃபிட்டர் அண்ணன் ஒரு பக்கமும் ஹெல்ப்பர் பையன் ஒரு பக்கமும் பிடித்து இறக்க வேண்டியிருந்தது. வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து ஓட்டை வழியாகப் பார்த்தேன். நடுவில் பாதி ஓட்டைகளில் வெளிச்சம் தெரிந்தது. ஓரத்துப் பக்கம் ஒன்றில்கூட இல்லை. அங்கே தண்ணீர் நனைப்பதும் காற்று உலர்த்துவதுமாக மாறி மாறி நடப்பதால் உப்பு அங்கேதான் முதலில் இறுகும். தகட்டைப் பிரித்தால் இரண்டு அடுக்கு: கீழே நகத்தால் கீறினாலும் வராத வெள்ளைக் கல், அதன் மேல் விரலில் வழவழவென்று ஒட்டும் கறுப்புச் சேறு. முகர்ந்து பார்த்த அண்ணன், "சார், இது ஆயில்" என்றார். ஹீட் எக்ஸ்சேஞ்சர் கேஸ்கெட் வழியாகக் கசிந்த க்வென்ச் ஆயில். எண்ணெய் பட்ட தகட்டில் தண்ணீர் படலமாகப் படராது, கோடு கோடாக ஓடும். பீன்யா ரோட்டுத் தூசியை டவர் நாள் முழுக்க உறிஞ்சிக் கழுவிக்கொண்டே இருக்கிறது. எண்ணெயைக் கண்டதும் தூசி அங்கேயே தங்கிவிடும்.

கிராஸ் ஃப்ளூட்டின் பலம் எதுவோ அதுவே பலவீனமும். தகடுகள் தொடும் ஒவ்வொரு முனையிலும் தண்ணீர் பிரிந்து கலந்து இறங்குவதால்தான் நன்றாக ஆறுகிறது. அதே முனைகளில்தான் வேகம் குறைந்து சேறும் தங்குகிறது. கழுவிப் பார்த்தோம். ஜெட் அடித்தால் சேறு போகும், கல் போகாது. அழுத்தத்தைக் கூட்டினால் தகடு கிழியும். ஆசிட் சுற்ற விடலாம் என்று கெமிக்கல்காரர் சொன்னார். அடியில் கான்கிரீட் பேசின், மேலே கால்வனைஸ்டு போல்ட். வேண்டாம் என்று விட்டோம். கல் ஏறிய ஃபிலிம் ஃபில்லைச் சுத்தம் செய்து மீட்கலாம் என்று யாராவது சொன்னால் எனக்கு நம்பிக்கை இல்லை. எடுத்துப் போட வேண்டியதுதான். பழைய இரும்புக் கடைக்காரரும் அதைத் தொடவில்லை, கல்லும் பிளாஸ்டிக்கும் கலந்திருக்கிறது என்று.

அந்த டவருக்கு இப்போது பிபி கிரிட். பாலிப்ரோப்பிலீனில் செய்த வலைத் தட்டுகள், அடுக்கடுக்காக. மறுபடியும் ஸ்பிளாஷ் வகைதான், மரத்துக்குப் பதில் பிளாஸ்டிக். தண்ணீர் பழைய ஃபிலிம் புதுசில் கொடுத்ததைவிட ஒன்றரை டிகிரி சூடாக வருகிறது. ஹீட் ட்ரீட்மென்ட்டில் யாரும் டீ வாங்கித் தரவில்லை. ஆனால் போட்ட வருஷம் என்ன வந்ததோ ஏறக்குறைய அதுவேதான் இன்றும் வருகிறது. தட்டில் உப்பு ஏறினால் வெளியே எடுத்துத் தட்டி உதிர்த்துத் திரும்பப் போட்டுவிடலாம். க்வென்ச்சுக்கு 28க்குப் பதில் 30 டிகிரி தண்ணீர் போனால் குடி முழுகிவிடாது.

இன்னொரு காரணமும் உண்டு. பிவிசி 50 டிகிரிக்கு மேல் தொடர்ந்து தாங்காது, இளகித் தொய்யும். பக்கத்து யூனிட்டில் பம்ப் ஒன்று நின்று, மிச்சமிருந்த கொஞ்சத் தண்ணீர் நன்றாகச் சூடேறித் திரும்பியதில் கீழடுக்கு அப்படியே குனிந்துவிட்டது. பிபி 80 வரை தாங்கும். ஒரே பயம் நெருப்பு. பிவிசி தானாகப் பற்றி எரிந்துகொண்டே போகாது, பிபி எரியும். ஃபேன் டெக்கில் வெல்டிங் வைப்பதாக இருந்தால் தட்டுகளை எடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் தண்ணீரை ஓடவிட்டு ஆள் நிறுத்துங்கள். நான் கிரைண்டருக்குக்கூட அனுமதிப்பதில்லை.

சில்லர் டவர் கதை வேறு. அங்கே ஒரு டிகிரி என்பது பணம். கண்டென்சருக்குப் போகும் தண்ணீர் ஒரு டிகிரி ஏறினால் கம்ப்ரெசர் கரன்ட் இரண்டு மூன்று சதவீதம் கூடும் என்பது பொதுவான கணக்கு, எங்கள் மீட்டரிலும் ஏறக்குறைய அப்படித்தான். அங்கே ஸ்பிளாஷ் போட மாட்டேன். சாஃப்ட்னர் தண்ணீர் ஊற்றி 19 எம்எம் கிராஸ் ஃப்ளூட்டை நன்றாகவே ஓட்டிக்கொண்டிருந்தோம். 2024 கோடையில் ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தபோது அதற்குச் சுத்திகரித்த கழிவுநீரைத் திருப்பினோம். அந்தத் தண்ணீரில் ஹார்ட்னெஸ்ஸைவிடப் பெரிய தொல்லை அதிலிருக்கும் சத்து. அம்மோனியா, பாஸ்பேட், கரைந்த கரிமப் பொருள் எல்லாம் கிருமிக்கு விருந்து. சில மாதத்தில் தகட்டில் சளி போல ஒரு படலம். வெயில் படுகிற இடத்தில் மட்டும் வரும் பாசி இல்லை இது, இருட்டிலும் வளரும். அது ஒட்டிக்கொண்டால் மண் ஒட்டும், அப்புறம் உப்பு ஒட்டும்.

மாற்றும்போது செங்குத்து ஃப்ளூட் வகை போட்டோம். தண்ணீர் குறுக்கே வளையாமல் நேரே கீழே வேகமாக இறங்கும், போகிற போக்கில் தகட்டைக் கழுவிக்கொண்டே போகும். கிராஸ் ஃப்ளூட்டைவிட அரை, முக்கால் டிகிரி குறைவு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கிராஸ் ஃப்ளூட்டில் தண்ணீர் தானே பக்கவாட்டில் பரவிக்கொள்ளும், செங்குத்தில் அந்தச் சலுகை கிடையாது. ஒரு நாசில் அடைத்தால் அதன் கீழே இருக்கும் பகுதி அடிவரை காய்ந்தே கிடக்கும், காற்று அந்த வழியாகச் சும்மா போய்விடும். அதனால் நாசில் சோதனையை வாராந்திர வேலையாக்கிவிட்டோம். குளோரினோடு மாற்றி மாற்றி வேறொரு பயோசைடும் போகிறது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது கொஞ்சம். கொட்டேஷனில் தகட்டின் கனம் எழுதியிருந்தால், அச்சில் இழுப்பதற்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். இழுத்தபின் தகடு மெலியும். பலர் முந்தைய எண்ணைத்தான் எழுதுகிறார்கள். சாம்பிளின் மூலையை மடக்கிப் பாருங்கள். ரீசைக்கிள் கலந்தது சட்டென்று விரிசல் விடும். டெலிவரியில் பத்துப் பிளாக்கை எடை போட்டுக் கனமீட்டருக்கு எத்தனை கிலோ என்று பார்த்தால் பாதி வண்டவாளம் தெரிந்துவிடும். ஃபில்லோடு, காற்றோடு பறக்கும் துளிகளைப் பிடிக்கும் டிரிஃப்ட் எலிமினேட்டரையும் மாற்றிவிடுங்கள், பழசு காரின் மேல் சாரல் அடித்துப் பஞ்சாயத்து வரும்.

இப்போது ஒரு வென்டர் 12 எம்எம் ஃபில்லோடு வந்திருக்கிறார். பரப்பு இன்னும் அதிகம், சில்லரில் ஒரு டிகிரி மிச்சம் என்கிறார். பர்ச்சேஸுக்குப் பிடித்துவிட்டது. சுற்றும் தண்ணீரில் ஒரு பகுதியை வடிகட்டிக்கொண்டே இருக்கும் சைட் ஸ்ட்ரீம் ஃபில்டரும் சேர்த்து வாங்கினால், அதுவும் சாஃப்ட்னர் தண்ணீருக்கு மட்டும் என்றால், யோசிக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஃபில்டரின் விலையைக் கேட்டதிலிருந்து ஃபைல் நகரவில்லை.