பனீருக்கு வாங்கிய படுவான்கரை எருமைப்பால்

மட்டக்களப்பில் எருமைப்பால் என்றால் தயிர்ச்சட்டிதான் நினைவுக்கு வரும். பனீர் செய்வதற்கென்று அதை எவரும் கேட்பதில்லை. நான் கேட்டபோது, நகரில் வழக்கமாகப் பால் எடுக்கும் சிறிய கடையின் உரிமையாளர் "தயிருக்குத்தானே?" என்று இரண்டு தரம் விசாரித்துக்கொண்டார். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்து மோட்டார் சைக்கிளில் கேன்களில் வரும் இந்தப் பாலை மூன்று மாதங்களாக வாங்கி, வெள்ளிக்கிழமைச் சைவச் சமையலுக்கென வாரந்தோறும் பனீர் செய்து பார்த்த பின்னரே இதை எழுதுகிறேன்.

இரண்டு லீற்றர் எருமைப்பாலில் எனக்கு 420 முதல் 450 கிராம் வரை பனீர் தேறியது. அதே அளவு பசும்பாலில் 330 கிராமைத் தாண்டவில்லை. பசும்பாலில் கொழுப்பு ஏறத்தாழ 4 சதவீதமாக இருக்க, எருமைப்பாலில் அது 7 சதவீதத்தை ஒட்டியிருப்பதும், புரதமும் சற்றுக் கூடுதலாக இருப்பதுமே இதற்குக் காரணம். நீண்ட நாள் கெடாத பெட்டிப்பாலையும் ஒருமுறை முயன்றேன். மிகுந்த வெப்பத்தில் பதப்படுத்தப்பட்ட பால் என்பதால் கட்டி சேராமல் உதிர்ந்து, பாதி வடிகட்டும் சீலையிலேயே ஒட்டிக்கொண்டது.

பாலைப் பொங்கும் தறுவாய்வரை காய்ச்சி இறக்கி, ஓரிரு நிமிடம் பொறுத்து, தேசிப்புளியில் அதே அளவு தண்ணீர் கலந்து சிறிது சிறிதாக விட்டேன். முதலில் ஒன்றும் நிகழாததுபோல் தோன்றும். பிறகு ஒரு துளாவலில் வெண்மை விலகி, கட்டிகளுக்கிடையே இளம்பச்சை படர்ந்த தெளிநீர் தென்படும். அந்த இடத்தில் புளியை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் பனீர் இறுகிப் புளிக்கும். வினாகிரியும் பாலைத் திரைக்கும், ஆனால் அலசிய பின்னும் அதன் வாடை போவதில்லை. திரைந்த பாலைக் கொட்டியே பழகிய அம்மா, "நல்ல பாலை ஏன் மனே பழுதாக்குறாய்?" என்று முதல் வாரம் கேட்டார், மூன்றாம் வாரம் அம்மிக்குழவியைத் தட்டின்மேல் பாரமாக ஏற்றிவைத்தவரும் அவரே. நாற்பது நிமிடத்தில் கத்திக்கு உடையாமல் வெட்டுப்பட்டது. தேங்காய்ப்பால் குழம்பில் இட்டபோதும் துண்டுகள் கரையவில்லை, ஏனெனில் புளியால் திரண்ட பனீர் சூட்டில் உருகுவதில்லை. வடிந்த நீரில் ரொட்டிக்கு மாக் குழைத்தோம். ரொட்டி மென்மையாக வந்தது.

குறை, பாலின் தரம் நாளுக்கு நாள் மாறுவதுதான். ஒருநாள் இரண்டு லீற்றருக்கு 340 கிராம் மட்டுமே கிடைத்தது. தண்ணீர் சேர்ந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம், கடைக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. சித்திரை வெயிலில் ஒன்பது மணிக்குப் பின் வாங்கிய பாலோ தேசிப்புளிக்குக் காத்திராமல் அடுப்பிலேயே திரைந்து, புளித்த குருணையாக முடிந்தது. அதற்கு மட்டும் மறுநாள் பணம் வாங்காமல் பால் தந்தார்.

விலை பசும்பாலை விடக் கூடினாலும், தேறும் பனீரைப் பார்த்தால் நட்டமில்லை. ஏழு மணிக்கு முன் போய் எடுத்து, வீட்டுக்கு வந்தவுடன் காய்ச்சுவதாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். தயிர் உறைய வைப்பவர்கள் முந்திக்கொள்வதால், முதல்நாளே சொல்லிவைக்க வேண்டியிருக்கும்.