கல்லீரல் தளரும்போது எந்த எண்ணை நம்புவது: சி.ஆர்.பி.யா, என்.எல்.ஆரா?

சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய், முற்றிய ஒருவருக்குக் காய்ச்சல். அழற்சியைக் காட்டும் ரத்தப் புரதமான சி.ஆர்.பி. லிட்டருக்கு 12 மி.கி. என்று அறிக்கை வருகிறது. 'பெரிதாக ஒன்றுமில்லை' என்று வீட்டார் மூச்சு விடுவார்கள். அந்த நிம்மதிதான் எனக்குக் கவலை தருகிறது.

சி.ஆர்.பி.யைத் தயாரிப்பதே கல்லீரல்தான். உடலில் எங்கு அழற்சி மூண்டாலும் இன்டர்லூக்கின்-6 என்ற சமிக்ஞைப் புரதம் கல்லீரலுக்குச் சேதி கொண்டுபோகும். கல்லீரல் செல்கள் இந்தப் புரதத்தை ரத்தத்தில் இறக்கும். சில மணி நேரத்தில் ஏறிவிடும். அரை ஆயுள் சுமார் 19 மணி நேரம்தான் என்பதால், அழற்சி தணிந்தால் இறங்குவதும் வேகம். கல்லீரல் திடமாக உள்ளவருக்கு இது அருமையான சோதனை. ஆனால் அந்தச் செல்களே அழிந்துகொண்டிருந்தால்? தொற்று கடுமையாக இருந்தும் எண் அரைகுறையாகத்தான் ஏறும். எண் உயர்ந்திருந்தால் உடனே கவனிக்க வேண்டும். தாழ்ந்திருக்கிறதே என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

என்.எல்.ஆருக்கு, அதாவது நியூட்ரோஃபிலை லிம்ஃபோசைட்டால் வகுத்த விகிதத்துக்கு, இந்தச் சிக்கல் இல்லை. இந்த இரு வெள்ளணு வகைகளும் எலும்பு மஜ்ஜையில் பிறப்பவை. தனிச் சோதனையும் வேண்டாம்: சாதாரண ரத்த அணு எண்ணிக்கை அறிக்கையில் நியூட்ரோஃபில் 78, லிம்ஃபோசைட் 12 சதவீதம் என்றிருந்தால், வகுத்துப் பாருங்கள், 6.5. மண்ணீரல் வீங்கி வெள்ளணுக்கள் ஏற்கெனவே குறைந்திருப்பதால், தொற்றிலும் மொத்த எண்ணிக்கை இயல்பாகத் தெரியும்போதும் இந்த விகிதம் உள்ளதைக் காட்டிக்கொடுக்கக்கூடும். சிரோசிஸில் இது கூடக்கூட உயிராபத்தும் கூடுவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. குறை ஒன்று உண்டு. மது சார்ந்த கல்லீரல் அழற்சிக்கு பிரெட்னிசோலோன் கொடுத்தால், அந்த ஸ்டீராய்டே நியூட்ரோஃபிலை ஏற்றி லிம்ஃபோசைட்டை இறக்கிவிடும். எனவே மருந்து தொடங்கும் முன் எடுத்த அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள்.

சிவப்பணுக்கள் படியும் வேகமான இ.எஸ்.ஆரை இந்தப் போட்டியில் சேர்க்கவே மாட்டேன். அதை ரத்தசோகை ஏற்றும், ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜென் குறைவு இறக்கும். இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டின் கொழுப்புக் கல்லீரலிலும் ஏறும், மதுவாலும் ஏறும், இரும்புச் சேர்க்கையாலும் ஏறும். புரோகால்சிடோனின் பாக்டீரியாத் தொற்றைத் தேட உதவும், கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதற்கு அல்ல.

என் தேர்வு என்.எல்.ஆர்., அதுவும் தனியாக இல்லை. பிலிருபின் (மஞ்சள் காமாலை நிறமி), ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகத்தின் அளவு), கிரியாட்டினின் (சிறுநீரக அளவு) ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டு கல்லீரல் நோயின் கடுமையைக் கணக்கிடும் மெல்ட் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பேன். சி.ஆர்.பி. 60-லிருந்து 20-க்கு இறங்கியிருக்கிறது, ஆனால் பிலிருபினும் ஐ.என்.ஆரும் ஏறிக்கொண்டே போகின்றன என்றால், அந்த இறக்கத்தைக் குணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்; அன்றே மருத்துவரிடம் கேளுங்கள்.