மலையகக் குளிரில் உடற்கல்வி: ஸ்பீக்கர், ஸ்மார்ட் பேண்ட், ப்ரொஜெக்டர் பயன்படுத்திய அனுபவம்

நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தமிழ்மொழிப் பாடசாலையில் உடற்கல்வி கற்பிக்கிறேன். குளிர் மாதங்களில் பிள்ளைகளை ஓட வைக்க எந்தக் கருவி உதவுகிறது, எது பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது என்று மற்றப் பாடசாலை ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். சில வருடங்களாகக் கையாண்டு பார்த்ததை வைத்து எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் கொஞ்சம் காசு இருந்தால் காதுக்கு வேலை கொடுக்கும் கருவியை வாங்குங்கள். கண்ணுக்கு வேலை கொடுக்கும் கருவி பிள்ளையை நிற்க வைத்துவிடும். குளிரில் நின்ற பிள்ளை விறைத்துப்போகும், அதை மறுபடி அசைப்பதற்குள் பாதிப் பாடவேளை போய்விடும்.

எங்கள் பக்கம் குளிர் இரண்டு விதமாக வரும். தை, மாசியில் வருவது பனிக்குளிர். நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலத்துச் சூடெல்லாம் வானத்துக்குப் போய்விட, விடியும்போது பள்ளமான இடங்களில் புல்லின் மேல் உறைபனி படிந்து கிடக்கும். தேயிலைக் கொழுந்து கருகும். ஆனால் வெயில் ஏறிவிட்டால் பத்து மணிக்கெல்லாம் மைதானம் அருமையாக இருக்கும். ஆனி, ஆடியில் தென்மேல் பருவக்காற்றோடு வருவது மழைக்குளிர். வெப்பமானி அவ்வளவு இறங்காது. ஆனால் நாள் முழுக்கத் தூறல், மூடுபனி, துவைத்த துணி காயாத ஈரம். உடற்கல்விக்கு இந்த இரண்டாவது குளிர்தான் பொல்லாதது. முதலாம் பாடவேளையில் மைதானத்தில் இறங்கினால் கென்வஸ் சப்பாத்து நனைந்துவிடும், பள்ளிக்கூடம் விடும் வரை பிள்ளை ஈரக்காலோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அட்டைக்கடி வேறு.

அதனால் அந்த மாதங்களில் பாடம் பெரும்பாலும் மண்டபத்தில்தான். எங்கள் மண்டபத்துக்குத் தகரக் கூரை. மழை பிடித்துக்கொண்டால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. விசில் ஊதினால் ஊதியது தெரியும், எதற்கு ஊதினேன் என்பது தெரியாது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று நாற்பது பிள்ளைகளுக்குக் கத்திச் சொல்லி முடிப்பதற்குள் கைகள் எல்லாம் சுவெட்டருக்குள் போய்விடும். "டீச்சர், கை வெறைக்குது" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். அது சாக்குப்போக்கு என்று நான் நினைப்பதில்லை, உண்மையாகவே விறைக்கும்.

இதை மாற்றியது ஒரு சாதாரண புளூடூத் ஸ்பீக்கர். வாங்குவதென்றால் நான்கு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, மெமரி கார்ட் போடும் இடம் இருக்க வேண்டும். பாடத்துக்கான ஒலிப்பதிவுகளைக் கார்டில் ஏற்றிவிட்டால் போனே தேவையில்லை. நான் வரச் சுணங்கினாலும் வகுப்புத் தலைவி போட்டுவிட்டு ஆரம்பித்துவிடுவாள். இரண்டாவது, அழுத்தும் பொத்தான்கள் பெரிதாக இருக்க வேண்டும். ஈரக்கையும் விறைத்த விரலும் தொடுதிரையில் சரியாக வேலை செய்யாது. மூன்றாவது, நீர்காப்பு. ஐபிஎக்ஸ்5 என்று போட்டிருந்தால் நாலாபக்கமும் தண்ணீர் பீச்சியடித்தாலும் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணித்தியாலம் கிடந்தாலும் தாங்கும். நம் தூறலுக்கு முதலாவதே போதும், இரண்டாவதுக்காக அதிகம் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் சார்ஜ் செய்யும் துளைக்கு மேலுள்ள ரப்பர் மூடிதான் முதலில் தளரும். என்னுடையது இப்போது சரியாக மூடுவதில்லை, ஒரு துண்டு டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். நான்காவது பட்டரி. லித்தியம் பட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும், வருடம் போகப்போக இன்னும் குறையும். ஆரம்பத்தில் ஒரு சார்ஜில் ஒரு கிழமை ஓடியது, இப்போது இரண்டு நாளுக்கு ஒரு தரம் போட வேண்டியிருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததே, அந்த நாட்களிலும் இது ஓடியது. மின்சாரம் வந்த நேரத்தில் சார்ஜ் போட்டு வைத்தால் மறுநாள் பாடத்துக்கு ஆயிற்று.

வைக்கும் இடமும் முக்கியம். மேசை மேல் வைக்காமல், இரண்டு சுவர் சேரும் மூலையில் தரையோடு வைத்தால் அடித்தொனி கூடுகிறது. மழைச் சத்தத்தில் பாட்டின் வார்த்தை கேட்காமல் போனாலும் தாளம் கேட்கும். பிள்ளை அசைவதற்குத் தாளம் போதும்.

இனி, அந்த ஸ்பீக்கரில் என்ன போடுகிறேன் என்று பார்ப்போம். முதலில் இடைவேளை டைமர். போனில் இலவசமாகக் கிடைக்கும் ஆப்தான், டேட்டா இல்லாமலே ஓடும். இத்தனை செக்கன் வேலை, இத்தனை செக்கன் ஓய்வு என்று வைத்துவிட்டால் அதுவே மணி அடித்துக்கொண்டிருக்கும். பலர் நேராகத் தபாட்டா முறையை எடுக்கிறார்கள். 20 செக்கன் வேலை, 10 செக்கன் ஓய்வு, எட்டுச் சுற்று, நான்கு நிமிடம். ஜப்பானைச் சேர்ந்த இசுமி தபாட்டாவின் குழு 1996இல் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவிய முறை அது. அங்கே அதைச் செய்தவர்கள் நன்றாகப் பயிற்சி எடுத்த இளைஞர்கள், முழு மூச்சில் செய்தார்கள். தரம் 6 பிள்ளைக்கு, அதுவும் உடம்பு சூடாகும் முன்னே, அது வேண்டாம். நான் 20 செக்கன் வேலை, 20 செக்கன் ஓய்வு வைக்கிறேன். ஓய்வு என்றாலும் நிற்பதில்லை, இடத்திலேயே நடை.

அப்புறம், இழுப்பு (ஆஸ்துமா) உள்ள பிள்ளைகள். குளிர்ந்த உலர்ந்த காற்றை வாயால் வேகமாக இழுத்தால் மூச்சுக்குழல் சுருங்கிவிடும். தை மாத விடியற்காலைதான் இவர்களுக்கு ஆபத்தான நேரம். முதல் பத்து நிமிடம் மெதுவாகவே ஏற்றுங்கள், மூக்கால் மூச்சு விடச் சொல்லுங்கள், இன்ஹேலர் வகுப்பறைப் பையில் இல்லாமல் மண்டபத்தில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். சுவெட்டரை ஆரம்பத்திலேயே கழற்றச் சொல்லாதீர்கள். உடம்பு சூடானதும் கழற்றி, நிறுத்தியதும் உடனே போட வேண்டும். வியர்வையோடு நின்றால் குளிர் இரட்டிப்பாக ஏறும்.

மெமரி கார்டில் இருப்பதிலேயே எனக்கு மிகவும் பிடித்தது தப்பு மேளத்தின் அடி. தரம் 10இல் ஒரு பையன் அருமையாகத் தப்படிப்பான். மாசி மாதம் வந்தால் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும், அவனுடைய வீட்டில் அப்பா, மாமா எல்லோரும் அதில் அடிப்பவர்கள். அவனை உட்கார வைத்துப் போனிலேயே பதிவு செய்தேன். முதலில் நிமிடத்துக்கு 100 அடி அளவில் ஒரு நடை, பிறகு 120, பிறகு 140, கடைசியில் மறுபடி இறங்கி வருவது. இணையத்தில் எடுத்த உடற்பயிற்சி இசைக்குத் தோளை மட்டும் அசைத்துக்கொண்டிருந்த பெரிய பெண் பிள்ளைகள்கூடத் தப்புச் சத்தம் கேட்டதும் காலை எடுத்து வைத்தார்கள். யாரும் அடவு சொல்லிக் கொடுக்கவில்லை, சின்ன வயதிலிருந்து பார்த்த கால்கள். 120இல் கயிறடிக்கவும் அந்தத் தாளம் பொருந்துகிறது. அந்தப் பையன் தன் பதிவு மண்டபத்தில் ஒலிப்பதைக் கேட்டு நின்ற பெருமையை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பாடசாலையிலும் அப்படி ஒரு பிள்ளை கட்டாயம் இருக்கும்.

பீப் சத்தத்துக்கு ஓடும் ஓட்டமும் நல்ல பயன் தருகிறது. ஒவ்வொரு பீப்புக்கும் முன் மறுமுனையை அடையும்படி 20 மீட்டர் தூரத்தை அங்குமிங்கும் ஓட வேண்டும். மணிக்கு 8.5 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி நிமிடத்துக்கு 0.5 கிலோமீட்டர் வேகம் கூடிக்கொண்டே போகும். முதல் கட்டத்தில் 20 மீட்டருக்கு எட்டரை செக்கன் அளவு கிடைக்கும், எந்தப் பிள்ளையும் ஓடிவிடும். மண்டபம் சிறிது என்றால் 15 மீட்டருக்கான ஒலிப்பதிவும் இருக்கிறது, அதைத் தேடி எடுங்கள். 20 மீட்டர் பதிவைப் போட்டு 15இல் ஓடவிட்டால் பிள்ளை முனையில் நின்று காத்திருக்கும், கணக்கும் பிழைக்கும். பரீட்சையாக வைத்தால் ஒவ்வொருவராக வெளியேறிச் சுவரோரம் நின்று நடுங்குவார்கள். சாதாரணப் பாடத்தில் நான் யாரையும் வெளியேற்றுவதில்லை. தவறவிட்டவர் ஒரு சுற்று நடந்துவிட்டு அடுத்த பீப்புக்கு மறுபடி சேரலாம். திரும்பும் இடத்தில் சீமெந்துத் தரை ஈரத்தில் வழுக்கும், ஆகவே வாசலில் காய்ந்த சாக்கு போட்டுச் சப்பாத்தைத் துடைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

இதயத்துடிப்பையும் காலடிகளையும் எண்ண மணிக்கட்டில் கட்டும் ஸ்மார்ட் பேண்டுக்கு வருகிறேன். கொழும்பில் வேலை செய்யும் பழைய மாணவர் ஒருவர் அன்பாக வாங்கித் தந்தார். பிள்ளைகளுக்குக் கொள்ளை ஆசை. குளிரில் பார்த்தது என்னவென்றால், பாடம் தொடங்கும்போது இதயத்துடிப்பு பல கைகளில் வராது, இல்லாவிட்டால் தாறுமாறாக வரும். அந்தப் பட்டியின் அடியிலுள்ள பச்சை வெளிச்சம் தோலுக்குக் கீழே ஓடும் இரத்தத்தைத்தான் பார்க்கிறது. குளிரில் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கிவிடுகின்றன. உடம்பு சூடான பிறகு சரியாகிறது. சின்னப் பிள்ளைகளின் மணிக்கட்டுக்குக் கடைசித் துளையும் தளர்வு, ஆட ஆட வெளிச்சம் கசிகிறது. எண் வராத பிள்ளை நின்று பட்டியைத் தட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்த பருவத்துக்குள் சில பட்டிகள் அறுந்தன, மாற்றுப் பட்டி நம் பக்கத்துக் கடைகளில் இல்லை. இன்னொன்று, ஆப்பில் கணக்குத் திறக்கப் பெயர், பிறந்த திகதி எல்லாம் கேட்கிறது. பிள்ளைகளின் விபரத்தை எங்கோ இருக்கும் ஒரு கம்பனிக்குக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. ஆகவே போனோடு இணைக்காமல், பட்டியில் தெரியும் எண்ணை மட்டும் பார்க்கிறோம்.

இதயத்துடிப்புக்கு இப்போது விரல்தான். கைகளை நன்றாகத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு, இரண்டு விரலைக் கழுத்தோரம் வைத்து, ஸ்பீக்கரில் மணி அடித்ததிலிருந்து 15 செக்கன் எண்ணி நான்கால் பெருக்குவது. தரம் 8க்கு மேல் எல்லோரும் செய்கிறார்கள், பாடத்திட்டத்துக்கும் உதவுகிறது.

ஆனாலும் பேண்ட் வீண் என்று சொல்லமாட்டேன். ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டியது. சில பிள்ளைகளிடம் காலையில் வீட்டிலிருந்தே கட்டி வரச் சொன்னேன். தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து (மேற்பகுதியிலிருந்து) தேயிலை மலைக்குள்ளே குறுக்குப் பாதையில் இறங்கி ஏறி வருகிறவர்கள் முதல் மணி அடிப்பதற்குள் பெரிய காலடி எண்ணோடு வந்து நின்றார்கள். கடைத்தெருவிலிருந்து வேனில், திரிவீலில் வருகிறவர்களின் எண் ஒன்றுமே இல்லை. 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடம்பு உழைக்க அசைய வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. மேல் டிவிசன் பிள்ளை அதில் நல்ல பங்கை நடந்தே முடித்துவிடுகிறது. அதற்குத் தேவை கை, தோள், முதுகுப் பயிற்சியும் சமநிலை விளையாட்டும். வேன் பிள்ளைக்குத்தான் ஓட்டம். ஒரே வகுப்பில் இரண்டு மூலைகளாகப் பிரித்துக் கொடுப்பதற்கு இதுதான் காரணமானது. மிச்சமிருக்கும் பேண்டுகளை இப்போது இந்த ஒரு வேலைக்கு மட்டுமே எடுக்கிறேன்.

ப்ரொஜெக்டரில் உடற்பயிற்சிக் காணொளி போடுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: வேண்டாம். அறையை இருட்டாக்க வேண்டும், வயர் இழுக்க வேண்டும், அது தயாராகும் வரை பிள்ளைகள் நிற்க வேண்டும். தொடங்கிய பிறகும் முன்வரிசை செய்யும், பின்வரிசை எட்டிப் பார்க்கும்.

திரைக்கு நல்ல இடம் ஒன்று உண்டு, அது பாடத்தின் கடைசி ஐந்து நிமிடம். முதலாம் தவணையில் பாடசாலை இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டிக்குத் தயாராகும்போது, வெயில் உள்ள நாளில் நீளம் பாய்தலையும் குண்டு போடுதலையும் மெதுவோட்டக் காணொளியாக எடுத்து வைக்கிறேன். செக்கனுக்கு 240 படம் எடுக்கும் போனில், ஒரு செக்கன் பாய்ச்சல் எட்டு செக்கனாக ஓடும். உதைபலகையில் கால் எங்கே விழுந்தது, கை எப்போது இறங்கியது எல்லாம் பிள்ளைக்கே தெரிகிறது. மழை நாளில், உடம்பு சூடாகி சுவெட்டரும் போட்ட பிறகு, அந்தப் பிள்ளைக்கு மட்டும் காட்டுகிறேன். பெண் பிள்ளைகளின் காணொளி என்றால் பெற்றோரிடம் முன்னமே சொல்லி, அவர்கள் சம்மதித்த பிறகே எடுப்பது. காட்டியதும் அந்தப் பிள்ளையின் கண் முன்னாலேயே அழிப்பது. பெற்றோரின் பயம் நியாயமானது. இதில் ஆசிரியர் இறுக்கமாக இருந்தே ஆக வேண்டும்.

மார்கழி விடுமுறைக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிறேன். காணொளி அனுப்பினால் டேட்டா போதாது, திறக்கவே மாட்டார்கள். குரல் பதிவு ஒரு நிமிடம் என்றாலும் சின்னதுதான். லயத்துக் காம்பரா (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் அறை) பத்துக்குப் பன்னிரண்டு அடி, அதற்குள்தான் கட்டிலும் அலுமாரியும். ஆகவே பயிற்சி எல்லாம் வாசல் திண்ணையான இஸ்தோப்பை வைத்துத்தான்: படியில் ஏறி இறங்குவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, ஒற்றைக் காலில் நின்று இருபது எண்ணுவது. பின்னால் அதே தப்புத் தாளம் ஓடும். நேரம் மாலை ஆறரைக்குப் பிறகு, ஏனென்றால் வீட்டிலிருக்கும் ஒரே போன் வேலைக்குப் போனவரோடுதான் திரும்பி வரும். ஆரம்பத்தில் ஒவ்வொரு தரத்துக்கும் தனித்தனியாக அனுப்பினேன். ஒரே வீட்டில் தரம் 6இலும் தரம் 9இலும் பிள்ளைகள் இருந்ததால் இரண்டையும் அடுத்தடுத்துப் போட வேண்டியிருந்தது, ஒருவர் செய்ய மற்றவர் உட்கார்ந்திருந்தார். இப்போது எல்லோருக்கும் ஒரே பதிவு, பெரியவர்கள் மட்டும் எண்ணிக்கையை இரட்டிப்பாக்க வேண்டும். பாட்டிமார் செய்யக்கூடிய ஒரு பயிற்சியையும் அதிலேயே சேர்த்துவிடுகிறேன், ஏனென்றால் அவர்களும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.