ஏ.டி. செல்லின் கதிர்வீச்சுக் கூச்சம்: மூன்று சோதனைகளில் எது?

அட்டாக்ஸியா டெலாஞ்சியக்டேசியா, சுருக்கமாக ஏ.டி., என்ற பரம்பரை நோய் உள்ள குழந்தைக்கு நடை தள்ளாடும். வெள்ளை விழியில் ரத்தக்குழாய்கள் சிவந்து படரும். புற்றுநோய்க்கு வழக்கமான அளவில் கதிர்வீச்சு கொடுத்தபோது சிலருக்கு உடம்பு தாங்கவில்லை என்று 1960களிலேயே மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். கோளாறு செல்லிலேயே இருக்கிறது என்பதை 1975இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். காரணமான ஏ.டி.எம். மரபணு 1995இல்தான் கிடைத்தது.

செல்லைச் சோதிக்கப் பழைய வழி, காலனி எண்ணுவது. தோல் துண்டிலிருந்து வளர்த்த செல்களைத் தட்டில் விதைபோல் இடைவெளி விட்டுத் தூவி, கதிர்வீச்சு கொடுத்து, இரண்டு மூன்று வாரம் இன்குபேட்டரில் அசையாமல் விடவேண்டும். அப்புறம் ஊதாச் சாயம் ஏற்றினால் பிழைத்த ஒவ்வொரு செல்லும் பெருகி உண்டாக்கிய கூட்டம், அதாவது காலனி, ஒரு புள்ளியாகத் தெரியும். அதில் ஐம்பது செல்லாவது இருந்தால்தான் கணக்கு. சாதாரண செல்லை அழிக்கத் தேவையான டோஸில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே ஏ.டி. செல்லுக்குப் போதும். பொறுமையைச் சோதிக்கும், ஆனால் பொய் சொல்லாது.

இரண்டாவது, ரத்தத்தில் குரோமோசோம் முறிவு பார்ப்பது. அதற்குச் சில நாள் போதும். சிக்கல் என்னவென்றால், ஏ.டி. குழந்தைகளின் லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் பல நேரம் சரியாகப் பிரிவதில்லை. பிரியாத செல்லில் எண்ணக் குரோமோசோம் ஏது?

மூன்றாவது, காமா-எச்2ஏஎக்ஸ் என்ற புரத அடையாளம். டிஎன்ஏ அறுந்த இடத்தில் ஒளிரும் புள்ளிகளை நுண்ணோக்கியில் எண்ணுவது. வேகமானது, பார்க்க அழகானது. இங்கேதான் ஏமாறுவார்கள். அந்தப் புள்ளியை வைக்கும் முக்கிய நொதியே, அதே மரபணு உருவாக்கும் ஏ.டி.எம். அது இல்லாதபோது டிஎன்ஏ-பிகே என்ற இன்னொரு நொதி வேலையை எடுத்துக்கொள்கிறது. அதனால் அரை மணி நேரத்தில் பார்த்தால் நோயுள்ள செல்லும் கிட்டத்தட்ட சாதாரணமாகவே தெரியலாம். மறுநாள் பாருங்கள்: சாதாரண செல்லில் புள்ளிகள் பெரும்பாலும் மறைந்திருக்கும், ஏ.டி. செல்லில் ஒரு பகுதி அப்படியே நிற்கும். பெரும்பாலான முறிவுகளை ஏ.டி. செல்லும் ஒட்டிவிடுகிறது, இறுகச் சுருண்ட டிஎன்ஏ பகுதிகளில்தான் பாக்கி விழுகிறது.

சிகிச்சை முடிவு காத்திருக்கிறது என்றால் நான் 24 மணி நேரப் புள்ளிக் கணக்கையே கேட்பேன், அரை மணிக் கணக்கை மட்டும் காட்டினால் ஏற்கமாட்டேன். மரபணு வாசிப்பில் அர்த்தம் புரியாத ஒரு மாற்றம் வந்து நிற்கிறதா? அதற்கு மூன்று வாரம் ஆனாலும் சரி, காலனிதான்.