டர்போ எஞ்சினின் கிராங்க் கேஸ் வாயு: எங்கே அனுப்புவது நல்லது?

எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை ஊதும் டர்போ உள்ள காரில் நீலப் புகை கண்டதும் கொழும்பின் பல கராஜ்களில் வரும் முதல் தீர்ப்பு, "டர்போ போய்விட்டது" என்பதுதான். இருப்பதைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டுவார்கள். சில வாரங்களில் அதே புகை திரும்பிவிடும். கோளாறு பல வேளைகளில் டர்போவில் இருப்பதில்லை, எஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸில் தேங்கிய அழுத்தத்தில் இருக்கிறது. டர்போவின் பேரிங்கை நனைத்த ஒயில் தன் எடையால்தான் கீழே ஒயில் தொட்டியான சம்புக்கு இறங்குகிறது. பெரும்பாலான கார்களில் அதை இழுத்துக்கொள்ளத் தனிப் பம்ப் கிடையாது. சம்பில் அழுத்தம் ஏறினால் ஒயில் இறங்க வழியின்றி சீலைத் தாண்டிக் கசிந்து, சூடான புகைக்குழாயில் எரிகிறது.

பிஸ்டன் ரிங் எவ்வளவு புதிதாக இருந்தாலும் எரிந்த வாயுவில் ஒரு பங்கு கீழே கசியவே செய்யும். டர்போ ஊதும்போது அந்தக் கசிவு கூடுகிறது. ஒயில் துளிகள், எரியாத பெற்றோல், நீராவி எல்லாம் கலந்த அழுக்குக் காற்று அது. அதை எங்கே அனுப்புவது என்பதில்தான் கருத்து வேறுபாடு.

முதலாவது, கார் கம்பனியே பொருத்தித் தரும் அமைப்பு. எஞ்சின் ஐடிலிலோ மிதமான ஓட்டத்திலோ இருக்கும்போது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மெனிஃபோல்டின் உறிஞ்சல், பி.சி.வி. எனும் ஒருவழி வால்வு வழியாக வாயுவை இழுத்து மீண்டும் எரிக்கிறது. டர்போவுக்கு முன்னுள்ள காற்றுக்குழாயிலிருந்து வரும் மறுபக்க ஹோஸ் வழியாகச் சுத்தமான காற்று உள்ளே வந்து கிராங்க் கேஸைக் கழுவிக்கொடுக்கிறது. டர்போ ஊதத் தொடங்கியதும் வால்வு மூடிக்கொள்ளும். அப்போது மறுபக்க ஹோஸில் ஓட்டம் திசை மாறி, வாயு டர்போவின் வாய்க்குப் போகிறது. ஒயிலும் கூடவே போய் டர்போ ஊதிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் உள்சுவரில் படிகிறது. சிலிண்டருக்குள் சேரும் ஒயில் பெற்றோலின் ஒக்டேன் வலிமையைக் குறைத்து எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிக்கும் நொக்கிங்குக்கு வழிவிடுகிறது. டர்போ காருக்கு 92 ஒக்டேன் பெற்றோல் அடிப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

ஆனாலும் மாற்றம் எதுவும் செய்யாத காருக்கு என் முதல் பரிந்துரை இதுவே. பி.சி.வி. வால்வையும் கல்லாகிப்போன ரப்பர் ஹோஸ்களையும் மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஜப்பானில் ஓடித் தேய்ந்து இங்கே வந்த வாகன் ஆர் டர்போ போன்ற 660 சிசி கார்களில் அந்த வால்வை யாரும் கழற்றியே பார்த்திருப்பதில்லை.

இரண்டாவது, ஹோஸின் முனையில் சிறு வடிகட்டியைச் செருகி வாயுவை வெளியே விட்டுவிடுவது. மலிவு, எளிது, பார்க்க ரேஸ் கார் போலவும் இருக்கும். வீதியில் ஓடும் காருக்கு நான் இதை முற்றிலும் எதிர்க்கிறேன். மெனிஃபோல்டின் உறிஞ்சல் போய்விட்டால் கிராங்க் கேஸ் கழுவப்படுவதும் நின்றுவிடுகிறது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் உண்டாகிறது. அதில் கீழே கசிந்த பங்கு வெளியேறாமல் ஒயிலிலேயே தங்கிவிடும். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குக் காலி வீதியில் ஊர்ந்து போய் எஞ்சினை நிறுத்தும் காரில், ஒயில் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெண்பழுப்பு நிறத்தில் பசை ஒட்டியிருந்தால் அது நீரும் ஒயிலும் கலந்த கூழ். நெரிசலில் நிற்கும்போது ஏசி வழியாக ஒயில் நாற்றம் உள்ளே வரும். பின் இருக்கையில் குழந்தை உள்ள காரில் இதை நியாயப்படுத்தவே முடியாது. ஒயிலை அடிக்கடி மாற்றும் பந்தயக் காருக்கு இது சரி. இன்னொன்று, மெனிஃபோல்ட் துளையை அடைக்காமல் விட்டால் அளவிடப்படாத காற்று நுழைந்து ஐடில் தள்ளாடும்.

மூன்றாவது, மூடிய சுற்றில் கேட்ச் கேன். வாயு ஒரு டப்பாவுக்குள் போய், ஒயிலையும் நீரையும் அங்கே விட்டுவிட்டு மீண்டும் இன்டேக்குக்குத் திரும்புகிறது. தினமும் ஓட்டும் டர்போ காருக்குக் கம்பனி அமைப்போடு கூடுதலாக ஒன்று சேர்ப்பதென்றால் என் தெரிவு இதுதான். பெற்றோலை நேரே சிலிண்டருக்குள் தெளிக்கும் நேரடி இன்ஜெக்ஷன் உள்ள எஞ்சின்களில், 1.0 டர்போ சிவிக் போன்றவற்றில், இதன் பயன் இன்னும் அதிகம். அவற்றில் பெற்றோல் இன்டேக் வால்வின் மேல் விழுந்து கழுவுவதில்லை என்பதால், ஒயில் ஆவி அங்கே கரியாகப் படிகிறது. கேன் அந்தப் படிவை மெதுவாக்கும், ஏற்கனவே படிந்ததை அகற்றாது.

எந்த டப்பாவையும் வாங்கிப் பூட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் மலிவான கேன்கள் சிலவற்றின் உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தால் தடுப்போ வலையோ எதுவும் இல்லை. வாயு ஒரு துளையில் நுழைந்து மறு துளையால் நேரே வெளியேறிவிடும். வெறும் ஸ்டீல் கம்பளியை உள்ளே திணிப்பதும் ஆபத்து, நார் உதிர்ந்து எஞ்சினுக்குள் போகும். சாதாரண தண்ணீர் ஹோஸ் ஒயில் பட்டு ஊறி, உறிஞ்சலில் சப்பிக்கொள்ளும். ஒயில் தாங்கும் ஹோஸ்தான் வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், பி.சி.வி. பக்கம் மட்டும் கேன் வைத்தால் வேலை பாதிதான். டர்போ ஊதும்போது ஒயில் போவது மறுபக்க ஹோஸில். அங்கேயும் கேன் வேண்டும், அல்லது இரண்டு பாதைகளும் ஒருவழி வால்வுகளோடு ஒரே கேனில் சேர வேண்டும்.

கேனில் சேர்ந்ததைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றி வைத்தால் மெல்ல அடுக்காகப் பிரியும்: அடியில் கலங்கிய நீர், மேலே பெற்றோல் வாடையோடு பழுப்பு ஒயில். அதைப் பார்த்த பிறகு மீண்டும் சம்பில் ஊற்ற யாருக்கும் மனம் வராது.

நான்காவது, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் நீரின் சூட்டில் இயங்கும் ஒயில் பிரிப்பான். சூட்டினால் நீர் ஆவியாகவே வெளியேற, ஒயில் மட்டும் சம்புக்குத் திரும்பும். வடிக்கும் வேலை இல்லை. சிலிண்டர்கள் படுத்திருக்கும் சுபாரு எஞ்சின்களில், வளைவுகளில் சிலிண்டர் ஹெட்டில் ஒயில் தேங்குவதால், இதற்குத் தனி மதிப்பு உண்டு. குளிர் நாடுகளில் கேனும் ஹோஸும் உறைந்து அடைக்கும் என்பதே இதை வாங்கப் பெரிய காரணம். கொழும்பில் அந்தக் கவலையில்லை. எனவே சுபாரு இம்ப்ரெசா டபிள்யூ.ஆர்.எக்ஸ். வைத்து முறுக்கி ஓட்டுபவருக்குத் தவிர, விலைக்கு ஏற்ற பயன் கிடைக்காது என்பது என் கணிப்பு.

புகைக்குழாயின் ஓட்டத்தால் வாயுவை உறிஞ்சும் முறை கெட்டலிட்டிக் கன்வேர்ட்டர் உள்ள டர்போ காருக்குப் பொருந்தாது. அங்கே எதிரழுத்தம் இருப்பதால் உறிஞ்சல் கிடைக்காது. கிராங்க் கேஸ் வாயுவை உறிஞ்சும் வெற்றிடப் பம்ப் பந்தயத் தளத்துக்குரியது.

எதற்கும் செலவழிக்கும் முன் அளந்து பாருங்கள். ஒயில் டிப்ஸ்டிக் குழாயில் ஒரு தெளிவான ஹோஸை இறுக்கிப் பொருத்தி, ஆங்கில யு வடிவில் வளைத்து, பாதிக்கு நீர் ஊற்றி எஞ்சினை ஐடிலில் விடுங்கள். நலமான எஞ்சின் நீரைத் தன் பக்கம் சிறிது இழுக்கும். இரு பக்க நீர்மட்டமும் 10 சென்றிமீற்றர் வேறுபட்டால் ஏறத்தாழ 10 மில்லிபார். வெளிப்பக்கம் தள்ளினால் வால்வு அல்லது ஹோஸ் அடைத்திருக்கலாம். அவற்றை மாற்றியும் தள்ளினால் சிலிண்டர்களின் அழுத்தத்தை (கம்ப்ரெஷன்) பார்க்கச் சொல்லுங்கள். ரிங் தேய்ந்த எஞ்சினில் எந்தக் கேனும் சில நாட்களில் நிரம்பி வழியும்.