30-க்கு 27 வாங்கிய அப்பாவும் ஒரு மெமரி கிளினிக்கும்

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வியாழக்கிழமை மதியம் மட்டும் நடக்கிற, மறதிக்காரர்களைப் பார்க்கிற மெமரி கிளினிக்கைப் பற்றி எழுதுகிறேன். பெயரைப் போடவில்லை. கீழே குறைகளும் வருகின்றன, அப்பாவுக்கு இன்னும் அங்கேதான் வைத்தியம், எனக்கு எதற்கு வம்பு. பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று நினைக்கிறேன். இந்த மாதிரி கிளினிக்குக்குள் போனால் என்னென்ன நடக்க வேண்டும், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் ஆறு மாதம் மிச்சமாகியிருக்கும்.

ஸ்டார் கேட்பவர்களுக்கு: நோயைக் கண்டுபிடிப்பதில் ஐந்துக்கு நாலரை. அதற்கப்புறம் வீட்டில் இருப்பவர்களைக் கவனிப்பதில் இரண்டு, அதுவும் அங்கே இருக்கிற ஒரு நர்ஸுக்காக.

அப்பா ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், 74 வயது. வீட்டுச் செலவை நோட்டில் எழுதுவது நாற்பது வருடப் பழக்கம். முதலில் கவனித்தது அம்மாதான். ஒரே நாளில் பால் காசை மூன்று தடவை எழுதியிருக்கிறார், மூன்று பாலையும் சேர்த்துக் கீழே போட்ட கூட்டல் மட்டும் துல்லியமாக இருக்கிறது! அப்புறம் கட்டிய கரண்ட் பில்லைக் கட்ட மறுபடியும் போய் வரிசையில் நின்றார். "தம்பி எப்ப வர்றான்" என்று ஒரே மதியத்தில் ஏழெட்டு முறை கேட்டார். நாங்கள் முதலில் சிரித்தோம், பிறகு கோபப்பட்டோம். டாக்டரிடம் போகத் தோன்றியது அதற்கும் பிறகுதான்.

முதலில் போனது வேறொரு இடம், அதற்கும் பெயர் வேண்டாம். மொத்தமே ஐந்தாறு நிமிடம். எம்.எம்.எஸ்.இ என்று 1975-லிருந்து உலகம் முழுக்கப் புழங்குகிற 30 மார்க் நினைவாற்றல் தேர்வு ஒன்று உண்டு, அதை வைத்தார்கள். 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார் டாக்டர். அப்பாவிடமா? 93, 86, 79, 72, 65 என்று அடுக்கி, போதும் என்ற பிறகும் 58, 51 என்று போய்க்கொண்டே இருந்தார். மொத்தம் 27 மார்க். "நார்மல்மா, வயசானா எல்லாருக்கும் இப்படித்தான்" என்று ஒரு டானிக்கும் சத்து மாத்திரையும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அப்பாவுக்கு ஒரே குஷி, வீடு வரும்வரை மார்க்கையே சொல்லிக்கொண்டு வந்தார்.

ஆறு மாதம் கழித்து அந்தத் தாளை மெமரி கிளினிக் டாக்டரிடம் காட்டினேன். மொத்த மார்க்கை அவர் பார்க்கவே இல்லை. போன மூன்று மார்க் எங்கே போயிருக்கிறது என்று விரலை வைத்துத் தேடினார். மூன்று வார்த்தைகளைச் சொல்லி, கொஞ்ச நேரம் வேறு வேலை கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்பார்கள் இல்லையா, மூன்றும் அங்கேயே போயிருந்தது. "சார் ஆயுசுக்கும் கணக்குப் போட்டவர், அதுல மார்க் வாங்கத்தான் செய்வார். புதுசா கேட்டது அஞ்சு நிமிஷத்துல முழுசா அழிஞ்சிருக்கு பாருங்க, விஷயம் இங்கதான் இருக்கு" என்றார். அல்சைமர் என்கிற மறதி நோய் பெரும்பாலும் முதலில் கை வைப்பது புதிதாக ஒன்றைப் பதிந்து வைக்கிற இடத்தில்தான். பழைய கணக்கு, பழைய பாட்டு, 1971-ல் யார் யாருடன் எந்தக் கடையில் காபி குடித்தார் என்பதெல்லாம் அப்படியே இருக்கும், அதைப் பார்த்துத்தான் வீட்டில் எல்லோரும் ஏமாறுகிறோம். நன்றாகப் படித்தவர்கள் இந்தச் சின்னத் தேர்வில் தப்பித்துவிடுவார்கள். பள்ளிக்கூடமே போகாதவர்களுக்கு நோய் இல்லாமலே மார்க் குறையும், ஏனென்றால் அதில் படிக்கச் சொல்வதும் எழுதச் சொல்வதும் உண்டு. எந்தப் பக்கம் பார்த்தாலும் மொத்த எண்ணை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது.

சரி, கிளினிக்குக்கு வருவோம். அப்பாயின்ட்மென்ட் கிடைக்க மூன்று வாரம் ஆனது. போனிலேயே சொல்லிவிட்டார்கள்: சாப்பிடுகிற எல்லா மாத்திரையும் அட்டையோடு வர வேண்டும், கூட வருகிறவர் அவரோடு தினமும் இருப்பவராக இருக்க வேண்டும், கண்ணாடி மறக்கக் கூடாது. முதல் நாள் இரண்டரை மணி நேரம் ஆனது, லீவு போட்டுவிட்டுப் போங்கள். காது கேட்கிறதா என்று முதலில் பார்த்தார்கள், அப்பாவுக்கு வலது காது மந்தம் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரியும். காது கேட்காதவருக்கு நினைவாற்றல் தேர்வு வைத்தால் தேர்வே தப்பு என்றார் சைக்காலஜிஸ்ட். காது மெஷின் வாங்கச் சொன்னார்கள். வாங்கினோம். அதைப் போட வைப்பது இன்றுவரை தனிப் போராட்டம்.

மாத்திரை அட்டைகளை மேஜையில் பரப்பினார் டாக்டர். அதில் மூன்றைத் தனியாக எடுத்து வைத்தார்: தூக்கத்துக்கு அல்பிரசோலம், சிறுநீர் அவசரத்துக்கு ஆக்ஸிபியூட்டினின், சளிக்கு என்று மெடிக்கலில் கேட்டு வாங்கி ராத்திரி ராத்திரி போடுகிற ஒரு மாத்திரை. மூன்றுமே வயதானவர்களுக்கு நினைவைக் குழப்பக்கூடியவை. சளி மாத்திரையை அன்றே நிறுத்தினார், சிறுநீர் மாத்திரையை மாற்றினார், தூக்க மாத்திரையை மட்டும் திடீரென்று விடக் கூடாது என்று வாரக்கணக்கில் குறைத்தார். இந்த ஒரு வேலைக்கே கொடுத்த ஃபீஸ் செரித்துவிட்டது.

அடுத்து ரத்தப் பரிசோதனை: பி12, தைராய்டு, சோடியம், சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல் இதெல்லாம். மறதி என்றதும் அல்சைமர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது, சரி செய்யக்கூடிய காரணம் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டுமாம். தைராய்டு குறைவு, பி12 குறைவு, மனச்சோர்வு, எப்போதோ விழுந்து மண்டைக்குள் மெல்லக் கசிந்து தேங்கிய ரத்தம், எல்லாமே மறதியாகத் தலைகாட்டும். அப்பாவுக்கு பி12 குறைவாகத்தான் இருந்தது, ஊசி போட்டார்கள், கால் மதமதப்பு குறைந்தது. பால் கணக்கு குறையவில்லை.

நீளமான தேர்வு வேறு நாள். அடன்புரூக்ஸ் என்று 100 மார்க் தேர்வு, தமிழிலேயே இருக்கிறது. அப்பாவுக்கு 76. ஆனால் பிரித்துப் பார்த்தால் கவனத்தில் 18-க்கு 17, மொழியில் 26-க்கு 24, நினைவில் 26-க்கு 11. கடிகாரம் வரைந்து மணி ஐந்து பத்து காட்டச் சொன்னார்கள். வட்டம் அச்சு மாதிரி போட்டார், எண்களும் சரி, ஒரு முள்ளை 5-க்கும், 2-க்குப் போக வேண்டிய இன்னொன்றை 10-க்கும் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். எனக்கு அப்போதுதான் உள்ளே ஏதோ விழுந்தது. ஸ்கேன் எல்லாம் அதற்குப் பிறகு ஒரு சம்பிரதாயம் மாதிரிதான் இருந்தது. எம்.ஆர்.ஐ-யில், மூளையில் நினைவைப் பதிகிற ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி இரண்டு பக்கமும் சுருங்கியிருப்பதாக வந்தது.

என்னையும் அம்மாவையும் தனியாக உட்கார வைத்து இருபது நிமிடம் கேட்டார்கள். பணத்தை எப்படிக் கையாள்கிறார், தெரிந்த தெருவில் வழி தப்பியிருக்கிறாரா, சமையலில் உப்பு தெரிகிறதா, கோபம் எப்படி, இது எப்போது ஆரம்பித்தது, படிப்படியாகவா திடுதிப்பென்றா. நான் கணக்கு நோட்டைக் கொண்டுபோயிருந்தேன். எந்தத் தேர்வுத் தாளையும் விட டாக்டர் அதிக நேரம் புரட்டியது அந்த நோட்டைத்தான். வீட்டில் இந்த மாதிரி ஏதாவது இருந்தால், டைரி, கோலம் போடுகிற நோட்டு, கடை பாக்கிச் சீட்டு, எதுவாக இருந்தாலும் எடுத்துப் போங்கள்.

நோயின் பெயரை அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று தம்பி கோயம்புத்தூரிலிருந்து போனில் ஒரே பிடிவாதம். டாக்டர் எங்களைக் கேட்கவில்லை, அப்பாவையே கேட்டார்: "சார், ரிசல்ட் முழுசா தெரிஞ்சுக்கணுமா, இல்ல பொண்ணுகிட்ட சொல்லட்டுமா?" அப்பா, "மார்க் ஷீட்டை மறைச்சு எந்தப் பையன் பாஸ் ஆயிருக்கான், சொல்லுங்க" என்றார். அல்சைமர், ஆரம்பக் கட்டம் என்று நேராகச் சொன்னார். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு வீட்டுப் பத்திரத்தைப் பற்றிக் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அங்கே பதில் இருந்தது. ஒரு சோஷியல் வொர்க்கர் உட்கார்ந்து விளக்கினார். பவர் எழுதிக் கொடுத்து வைத்தால் போதும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். எழுதிக் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் பவரும் செல்லாமல் போய்விடும், இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 201-லேயே அது இருக்கிறது. உயில் என்றாலும் எழுதும்போது தெளிவு வேண்டும். எனவே இப்போதே, அவர் தெளிவாக இருக்கும்போதே, அவரே முடிவு செய்யட்டும் என்றார். டாக்டர் சான்றிதழ் கொடுத்தார், அப்பா தன் கையாலேயே உயிலை எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தார், பென்ஷன் கணக்கில் அம்மா பெயரையும் சேர்த்தோம். சீக்கிரம் கண்டுபிடித்து என்ன பிரயோசனம், குணமாக்கவா முடிகிறது என்று சொந்தக்காரர்கள் இன்னும் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் பிரயோசனம் இதுதான். இரண்டு வருடம் தள்ளியிருந்தால் இந்த முடிவுகளை எல்லாம் நானும் தம்பியும் அவருக்காக எடுத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்திருப்போம்.

மருந்து: டொனெபெசில். இதயத் துடிப்பைக் குறைக்கலாம் என்பதால் முதலில் ஈ.சி.ஜி எடுத்தார்கள். 5 மில்லிகிராமில் ஆரம்பித்து 10-க்கு ஏற்றினால் வயிற்றுப்போக்கு, மறுபடி 5-க்கே இறக்கினார்கள். ராத்திரி போட்டால் கனவு கண்டு கத்துகிறார் என்றதும் காலைக்கு மாற்றினார். நோயை நிறுத்தாது, கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க உதவலாம், உதவாமலும் போகலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மருந்தின் மூலப்பெயரை எழுதிக் கொடுத்ததால் மக்கள் மருந்தகத்தில் மலிவாக வாங்க முடிகிறது.

அமெரிக்காவில் வந்திருக்கிற புது ஊசி பற்றியும் கேட்டேன், சொந்தக்கார அண்ணன்மார் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். லெகனெமாப், 2023-ல் அங்கே முழு அனுமதி கிடைத்தது. 18 மாதத்தில் சரிவை 27 சதவீதம் மெதுவாக்கியதாக ஆய்வு சொல்கிறது, குணமாக்குவதில்லை. ஆரம்பத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்ற வேண்டும், மூளையில் வீக்கமோ ரத்தக்கசிவோ வருகிறதா என்று திரும்பத் திரும்ப ஸ்கேன் பார்க்க வேண்டும். அப்பா இதயத் துடிப்புக் கோளாறுக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், அவருக்கு அது ஆபத்து என்று டாக்டர் அங்கேயே மூடிவிட்டார். அல்சைமரைக் கண்டுபிடிக்க உதவுகிற பி-டாவ் 217 என்ற ரத்தப் பரிசோதனையைப் பற்றியும் கேட்டேன், அந்த வகையில் ஒன்றுக்கு 2025 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். இவருக்கு வைத்தியம் எதுவும் அதனால் மாறப் போவதில்லை, காசை வேறு எதற்காவது வையுங்கள் என்றார். வேண்டாத டெஸ்டை வேண்டாம் என்று சொன்ன டாக்டரை நான் பார்த்து ரொம்ப நாளாகிறது.

மொத்தச் செலவு, எம்.ஆர்.ஐ உட்பட, பதினாலாயிரம் சொச்சம். முடியாதவர்கள் அரசு ராஜாஜி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவுக்குப் போகலாம், கூட்டம் இருக்கும்.

இனி குறை. கண்டுபிடித்த பிறகு கையில் கொடுத்தது ஒரு ஆங்கிலக் கையேடு. மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார்கள், அவ்வளவுதான். அந்த மூன்று மாதத்தில்தான் அப்பா குளிக்க மறுத்தார், நோட்டை அம்மா திருடிவிட்டதாகச் சண்டை போட்டார், டிவிஎஸ் சாவியைக் கேட்டு வாசலில் உட்கார்ந்தார். வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் ஒரு வரி சொன்னதோடு சரி, அதை அவரிடமிருந்து எப்படி வாங்குவது என்று யாரும் சொல்லவில்லை. கடைசியில் அப்பாவின் பழைய மாணவர் ஒருவர் வந்து, "சார், ஒரு வாரத்துக்கு இரவல் குடுங்க" என்று எடுத்துப் போனார், அந்த வாரம் இன்னும் முடியவில்லை. அம்மாவுக்கு பிரஷர் இருக்கிறது, 69 வயது, ராத்திரித் தூக்கம் கிடையாது. ஐந்து விசிட்டில் ஒருமுறைகூட யாரும், "நீங்க எப்படி இருக்கீங்கம்மா" என்று அவரைக் கேட்கவில்லை. பகலில் நாலு மணி நேரம் விட்டு வர ஒரு பகல் பராமரிப்பு இடம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். முதியோர் உதவி எண் 14567 இருப்பதைக்கூட நானாகத்தான் தேடித் தெரிந்துகொண்டேன்.

காத்திருக்கும் ஹாலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டிவி அலறுகிறது, மைக்கில் டோக்கன் நம்பர் கூப்பிடுகிறார்கள், மறதிக்காரரிடம் நம்பரை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்வது யாருடைய யோசனையோ!

அந்த நர்ஸ் மட்டும் இல்லையென்றால் இரண்டு ஸ்டாரும் கிடையாது. ஒருநாள் அப்பா திடீரென்று இரண்டே நாளில் ஆளே மாறிவிட்டார், பகலில் தூக்கம், ராத்திரி இல்லாதவர்களோடு பேச்சு. நோய் முற்றிவிட்டது என்று அம்மா அழ, நான் கிளினிக் நம்பருக்குக் கூப்பிட்டேன். நர்ஸ் கேட்டது ஒரே கேள்வி, எத்தனை நாளாக. இரண்டு நாள் என்றதும், "அல்சைமர் ரெண்டு நாள்ல இப்படிப் பண்ணாதுக்கா, யூரின் டெஸ்டும் சோடியமும் பாருங்க, இன்னைக்கே" என்றார். சிறுநீர்த் தொற்று. ஆன்டிபயாடிக் போட்டதும் ஒரு வாரத்துக்குள் பழைய அப்பா திரும்பினார், அதாவது பழைய மறதியோடு. ஐந்து மணிக்கு மேல் அந்த நம்பரை யாரும் எடுப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போகிறவர்களுக்கு: ஒரு மணி டோக்கன் என்றால் இரண்டுக்குத்தான் கூப்பிடுவார்கள், தயிர்சாதம் கட்டிக்கொண்டு போங்கள். லிஃப்ட் சின்னது, மூன்றாவது மாடி. கேன்டீன் காபியைத் தொடாதீர்கள், எதிர்ப்பக்க டீக்கடையில் நல்ல காபி கிடைக்கும், அப்பாவுக்கு அந்தக் கடைக்காரரை மட்டும் ஒவ்வொரு முறையும் அடையாளம் தெரிகிறது.