ரயிலில் படித்தது, கீரை ஆயும்போது சொன்னது: கிறிஸ்தவ மர்ம நாவல்களோடு பத்து வருடம்

சிங்கப்பூரில், செங்காங்கில் ரயில் ஏறினால் தோபி காட் போய்ச் சேர இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். போக வர முக்கால் மணி நேரம். பத்து வருடமாக அந்த நேரத்தில்தான் கிறிஸ்தவ சஸ்பென்ஸ், மர்மம், ஃபேன்டசி நாவல்களைப் படித்து வருகிறேன். எல்லாம் ஆங்கிலம். வீட்டில் அத்தைக்கு (மாமியாரைத்தான் சொல்கிறேன்) ஆங்கிலம் வராது, ஆனால் கதை என்றால் உயிர். இரவுச் சாப்பாடு முடிந்து அவர் மறுநாளுக்குக் கீரை ஆய உட்காரும்போது, அன்றைக்குப் படித்ததை நான் தமிழில் சொல்லவேண்டும். வீட்டுச் சட்டம் மாதிரி ஆகிவிட்டது.

இந்த வகையில் எதைப் படிக்கலாம் என்று சபையில் சிலர் கேட்கிறார்கள். நட்சத்திரம் எண்ணிக் கொடுக்க எனக்குத் தெரியாது. ரயிலில் விறுவிறுப்பாக இருந்த கதை, அத்தை முன்னால் சொல்லும்போது நிற்கிறதா, சரிந்து விழுகிறதா என்று மட்டும் சொல்ல முடியும். சரிந்தவைதான் அதிகம்.

முதலில் வாங்கியது ஃபிராங்க் பெரெட்டியின் ‘திஸ் பிரசன்ட் டார்க்னெஸ்’. 1986-ல் வந்தது. பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் ஒரு பழைய புத்தகக் கடையில் நான்கு சிங்கப்பூர் வெள்ளிக்குக் கிடைத்தது. ஆஷ்டன் என்று ஒரு சின்ன ஊர். ஒரு இளம் போதகர், ஒரு பத்திரிகை ஆசிரியர். அவர்கள் தலைக்கு மேலே, யார் கண்ணுக்கும் தெரியாமல், தேவதூதர்களும் பிசாசுகளும் வாளோடு மோதிக்கொண்டிருக்கிறார்கள். கீழே ஜெபம் கூடினால் தூதர்களுக்குப் பலம் கூடும். ஜெபம் குறைந்தால் அவர்கள் கை தளரும்.

தலைப்புக்கு என்ன அர்த்தம் என்று அத்தை கேட்டார். எபேசியர் ஆறாம் அதிகாரத்தில் வருமே என்று ஆரம்பித்தேன். மீதியை அவரே சொல்லி முடித்தார்: “இப்பிரபஞ்சத்தின் அந்தகார லோகாதிபதிகளோடும், வானமண்டலங்களிலுள்ள பொல்லாத ஆவிகளின் சேனைகளோடும் நமக்குப் போராட்டம் உண்டு.” சொல்லிவிட்டு எழுந்து போய் அடுப்படி ஜன்னலைச் சாத்தினார். பதினோராவது மாடி. ஆங்கிலத் தலைப்பு எனக்கு அதுவரை வெறும் தலைப்பாகத்தான் இருந்தது. ‘அந்தகார லோகாதிபதிகள்’ என்று அவர் குரலில் கேட்டபிறகுதான் முதுகு சில்லென்றது. நம் பழைய வேதாகமத் தமிழுக்கு இந்த வகைக் கதையைத் தாங்க நல்ல தோள் இருக்கிறது.

இரண்டாம் நாள் சிக்கல் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா தீபாவளி முறுக்கு கொண்டுவந்தவர், கதை நடக்கிறது என்று தெரிந்ததும் உட்கார்ந்துவிட்டார். சனிக்கிழமை தோறும் சமூக மன்றத்தில் யோகா வகுப்புக்குப் போகிறவர். பெரெட்டியின் கதையில் கீழைத்தேயத் தியானம்தான் பிசாசு உள்ளே வரும் வாசல். கல்லூரிப் பேராசிரியை ஒருத்தி மாணவிக்குத் தியானம் சொல்லிக்கொடுக்கிறாள், அதன் வழியாக ஆவி பிடிக்கிறது. அக்கா முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளிக்கொண்டே, “அப்புறம்?” என்றார். நான் அந்தப் பகுதியை அப்படியே விழுங்கிவிட்டு, பத்திரிகை ஆபீஸ் சண்டைக்குத் தாவினேன்.

ரயிலில் தனியாகப் படித்தபோது இது உறைக்கவில்லை. அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரில் உட்கார்ந்து எழுதுகிறவருக்குக் கீழைத்தேயம் என்பது தூரத்துப் புகை மூட்டமாக இருந்திருக்கலாம். எனக்கு அது பக்கத்து வீடு. ஐந்து வருடம் கழித்து அதே புத்தகத்தை மறுபடி எடுத்தேன். பயம் போயிருந்தது, வாள் சண்டை சலித்தது, இந்தக் குறை மட்டும் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. ஜெபத்துக்கும் போருக்கும் அவர் போட்ட முடிச்சு நல்ல கற்பனை, மறுக்கவில்லை. ஆனால் அதைக் கதையாக மட்டும் வைத்துக்கொள்ள எல்லாருக்கும் முடிவதில்லை. எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வரும் ஒரு அண்ணன், இருமல் என்றால்கூட எந்த ஆவி என்று பெயர் கேட்பார். கேட்டால், இந்த நாவலைத்தான் காட்டுவார்.

டெட் டெக்கருக்கு வருகிறேன். ‘பிளாக்’, ‘ரெட்’, ‘ஒயிட்’ மூன்றும் ஒரே வருடத்தில், 2004-ல், வந்தன. டென்வரில் தாமஸ் ஹன்டர் என்பவன் தூங்கினால் வேறொரு உலகத்தில் விழிக்கிறான். அங்கே தூங்கினால் இங்கே விழிக்கிறான். அங்கே வண்ண வண்ணமாக மின்னும் காடு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கரிய காடு, கெட்ட வௌவால்கள். இங்கே ஒரு தடுப்பு மருந்து அதிகச் சூட்டில் திரிந்து கொடிய கிருமியாகிறது. 2020 ஏப்ரல் 7-ல் ‘சர்க்கிட் பிரேக்கர்’ என்ற கொரோனா ஊரடங்கு தொடங்கி நூலகங்களை மூடியபோது, ரயிலும் இல்லை, வேலையும் வீட்டில்தான். நூலக மின்னூல்களை இரவல் தரும் லிப்பி செயலியில் எடுத்து ஒன்றன்பின் ஒன்றாக மூன்றையும் முடித்தேன். அந்த நேரத்தில் படிக்கக்கூடாத கதை. அதனாலேயே வைக்க முடியவில்லை.

அத்தையிடம் சொல்லச் சொல்ல வேகமாகத்தான் போயிற்று. மூன்றாம் நாள் கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “ஏளா, இங்க தூங்குனா அங்க முழிச்சிருதான், அங்க தூங்குனா இங்க முழிச்சிருதான். அப்போ அவன் எப்பதான் தூங்குவான்?”

நான் அதை யோசிக்கவே இல்லை. பக்கத்தைப் புரட்டுகிற வேகத்தில் யோசிக்க விடமாட்டார் டெக்கர். அது அவருடைய திறமை, அதுவே அவருடைய தந்திரமும். மறுபடி படித்தால் விறுவிறுப்பு பாதியாகிவிடுகிறது. மறுபடி படிக்கும்போதும் மனதில் தங்கியது அந்த வண்ணக் காடு மட்டும். 2021-ல் அத்தைக்குத் தடுப்பூசி முறை வந்தபோது, “அந்தக் கதையில வார மருந்து இல்லையே இது?” என்று சிரித்தார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் கேட்டார். ஊரிலிருந்து ஒரு மாமா அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளுக்கும் என் கதைக்கும் நடுவே அவர் எத்தனை நாள் யோசித்துக்கொண்டிருந்தாரோ. ஊசி போட்டு முடித்து, காப்பிக்கடையில் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) குடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தோம்.

காதலும் துப்பாக்கியும் கலந்த வகையை வேகமாகக் கடந்துவிடுகிறேன். டீ ஹென்டர்சனின் ஓமாலி வரிசை இதில் பெயர்பெற்றது. அநாதை இல்லத்தில் வளர்ந்த ஏழு பேர், பெரியவர்களானதும் ஒரே குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு அண்ணன் தங்கைகளாகிறார்கள். இந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒருவருக்கு ஆபத்து, ஒருவருக்குக் காதல், ஒருவருக்கு விசுவாசம். இரண்டாவது புத்தகம் சொல்லத் தொடங்கி கால் மணி நேரம் ஆகவில்லை. அத்தை, “அவ மனந்திரும்பிருவா, கல்யாணமும் ஆயிரும். அடுத்த கதையைச் சொல்லு” என்றார். கொலைகாரன் யார் என்று தெரியாமல் இருக்கலாம், யார் எப்போது முழங்காற்படியிடுவார் என்று மூன்றாம் அத்தியாயத்திலேயே தெரிந்துவிட்டால் சஸ்பென்ஸ் எங்கே? இந்த வகையில் நான் பாதியில் விட்ட புத்தகங்களில் முக்கால்வாசியை இந்த ஒரு காரணத்துக்காகத்தான் விட்டேன். மனந்திரும்புதல் எனக்கு ஆகாத விஷயம் இல்லை. அது கதைக்குள்ளிருந்து வரவேண்டும், கடைசியில் காணிக்கைப் பை வருவது மாதிரி நேரம் பார்த்து வரக்கூடாது.

அப்புறம் ஜி.கே. செஸ்டர்டனின் ஃபாதர் பிரவுன் கதைகள். இதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன் என்றும் சொல்லலாம்.

“ஆர்.சி. சாமியாரா துப்பறியுறாரு?” என்று முதலில் ஒரு இழுப்பு இழுத்தார் அத்தை. அவர் மெஞ்ஞானபுரத்துப் பக்கம் பிறந்து வளர்ந்த சி.எஸ்.ஐ. எழுதிய செஸ்டர்டன் இந்தக் கதையை எழுதியபோது கத்தோலிக்கரே இல்லை, 1922-ல்தான் அந்தச் சபையில் சேர்ந்தார் என்றேன். “சரி, சொல்லு” என்றார், பெரிய சலுகை கொடுத்த மாதிரி.

1910-ல் வந்த முதல் கதை, ‘நீலச் சிலுவை’ என்று தமிழில் சொல்லலாம். ஃபிளாம்போ என்ற பெரிய திருடனைத் தேடிப் பாரிஸ் போலீஸ் தலைவர் வேலன்டின் லண்டனுக்கு வருகிறார். ஒரு ஓட்டலில் காப்பிக்குச் சீனி போட்டால், உப்பு. சீனி இருக்கவேண்டிய கிண்ணத்தில் உப்பு, உப்புக் குப்பியில் சீனி. காலையில் இரண்டு சாமியார்கள் வந்தார்கள், அதில் ஒருவர் போகிறபோது சுவரில் சூப்பை வீசிவிட்டுப் போனார் என்கிறார் பரிசாரகர். பழக்கடையில் பெயர்ப் பலகைகள் இடம் மாறியிருக்கின்றன. இன்னொரு ஓட்டலில் ஜன்னல் உடைந்திருக்கிறது. இந்தக் கிறுக்குத்தனங்களைப் பிடித்துக்கொண்டே வேலன்டின் பின்தொடர்கிறார்.

(கதையைப் படிக்கப்போகிறவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

அன்று அங்கேதான் நிறுத்தினேன். மறுநாள் நான் வாய் திறப்பதற்குள் அத்தையே ஆரம்பித்தார். “உப்பை மாத்தி வச்சது, கூட இருக்கவன் சத்தம் போடுதானான்னு பாக்கத்தான். பொண்ணு பாக்கப் போன வீட்டுல காப்பில உப்பு கெடந்தாலும் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மூச்சு விட மாட்டாங்க. காரியம் ஆவணும்லா. சத்தம் போடாம குடிச்சான்னா அவனுக்கு ஏதோ காரியம் இருக்கு.” கதையில் ஃபாதர் பிரவுன் சொல்லும் விளக்கமும் கிட்டத்தட்ட இதுதான். காப்பியில் உப்பு இருந்தும் வாய் திறக்காதவனுக்குத் திறக்காமல் இருக்க ஒரு காரணம் உண்டு. எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

குட்டையான ஆள், உருண்டை முகம், கையிலிருக்கும் குடையை அடிக்கடி கீழே போடுவார். கைரேகை, ரசாயனம் எதுவும் கிடையாது. பாவசங்கீர்த்தனக் கூண்டில் உட்கார்ந்து மனிதர்களைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் அவருக்குக் கருவி. திருடனை விரட்டிப் பிடித்து உள்ளே தள்ளுவதில் அவருக்கு அக்கறை இல்லை, அவன் மனம் திரும்புகிறானா என்றுதான் பார்க்கிறார். ஓமாலி வரிசையில் எனக்குச் சலித்த அதே மனந்திரும்புதல்தான். இங்கே அது நேரம் பார்த்து வருவதில்லை. ஃபிளாம்போவே சில கதைகள் கழித்துத் திருட்டை விட்டுவிட்டு அவருக்கு நண்பனாகிறான். நூறு வருடத்துக்கு மேலாகிவிட்ட கதைகள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மூன்று தடவை படித்துவிட்டேன். யார் குற்றவாளி என்று தெரிந்தும் படிக்க முடிகிறது. குறையும் உண்டு: ஆசியாவிலிருந்து வரும் எந்தப் பாத்திரத்தையும் செஸ்டர்டன் நல்ல கண்ணால் பார்ப்பதில்லை. சில கதைகளை அத்தையிடம் நான் சொல்லவே இல்லை.

ஃபேன்டசியில் சி.எஸ். லூயிஸின் நார்னியா பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஏழு புத்தகம், 1950 முதல் 1956 வரை. இப்போதைய பதிப்புகள் கதை நடக்கும் கால வரிசைப்படி எண் போட்டு வருகின்றன. அதை நம்பாதீர்கள், வெளிவந்த வரிசையில், அலமாரிக் கதையில் (‘தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்’) தொடங்குங்கள். சிங்கம் யார் என்று நாமாகக் கண்டுபிடிக்கிற சுகத்தை ஏன் விடவேண்டும்? என் மகனுக்கு எட்டு வயதில் படித்துக் காட்டினேன். எட்மண்ட் என்ற பையன் ‘டர்கிஷ் டிலைட்’ மிட்டாய்க்காக அண்ணன், அக்கா, தங்கையை வெள்ளைச் சூனியக்காரியிடம் காட்டிக்கொடுக்கிறான். அது என்ன மிட்டாய் என்று ஒரே நச்சரிப்பு. அராப் ஸ்திரீட் பக்கம் ஒரு கடையில் ஒரு பெட்டி வாங்கிவந்தோம். மாவுச்சத்தும் சீனியும் பன்னீர் வாசமும். ஒரு துண்டைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

“இதுக்கா அம்மா? திருநெல்வேலி அல்வான்னாகூடப் பரவாயில்லை.”

அந்தக் கதை 1950-ல் வந்தபோது இங்கிலாந்தில் மிட்டாய்க்கு ரேஷன் இருந்தது, 1953-ல்தான் எடுத்தார்கள் என்று சொன்னேன். போர்க்காலத்துப் பையனுக்கு ஒரு பெட்டி மிட்டாய் என்றால் என்னவென்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மீதியை டப்பாவில் போட்டு மூடி வைத்தான். எதற்கு என்று கேட்டேன், சொல்லவில்லை. அத்தையோ நார்னியாவைக் கேட்டுவிட்டு, இதெல்லாம் புதுசா என்றார். முதுகில் மூட்டையோடு ஒருவன் வான நகரத்துக்கு நடக்கும் ‘மோட்சப் பிரயாணம்’ அவர் சின்ன வயதில் ஆலய விழாவில் நாடகமாகப் பார்த்தது. ஜான் பனியன் என்ற ஆங்கிலேயர் 1678-ல் எழுதிய அந்தக் கதையை வைத்து எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்று கம்பன் வழியில் காப்பியமே பாடிவிட்டார், 1894-ல். நம்மிடம் இல்லாதது ஃபேன்டசி இல்லை. இப்போதைய தமிழில், ரயிலில் படிக்கிற மாதிரி ஒன்றுதான் என் கைக்குக் கிடைக்கவில்லை.

நடைமுறை விஷயம் ஒன்று. நூலக மின்னூல் இரவல் 21 நாள். முடிந்ததும் தானாகவே மறைந்துவிடும், உச்சக்கட்டமா என்றெல்லாம் பார்க்காது. ஒருமுறை கடைசி நாற்பது பக்கம் இருக்கும்போது போய்விட்டது, வரிசையில் எனக்கு முன்னால் ஆறு பேர். அத்தை ஒரு மாதம் என்னைக் குற்றவாளி மாதிரிப் பார்த்தார். இன்னொருமுறை ஒரு இணையக் கடையில் வாங்கிய பழைய பிரதியில் பதினாறு பக்கம் இல்லை. பணம் திரும்பவில்லை. அதிலிருந்து பழைய புத்தகம் என்றால் நேரில் போய்ப் புரட்டிப் பார்த்துத்தான் வாங்குகிறேன்.

இப்போது ஓடிக்கொண்டிருப்பது டொரத்தி சேயர்ஸின் ‘தி நைன் டெய்லர்ஸ்’, 1934. கிறிஸ்தவ நாவல் என்று கடையில் தனி அலமாரியில் வைக்கமாட்டார்கள். ஆனால் கதையே ஒரு ஆலயத்தையும் அதன் மணிகளையும் சுற்றித்தான். ஃபென்சர்ச் செயின்ட் பால் என்று கற்பனை ஊர். புத்தாண்டுக்கு முந்தின இரவு பனியில் மாட்டிக்கொண்ட துப்பறிவாளன் விம்சி, காய்ச்சலில் படுத்த ஒருவருக்குப் பதிலாக மணிக்கயிறு பிடிக்கிறான். ஒன்பது மணி நேரம், விடிய விடிய. மெஞ்ஞானபுரத்திலும் தூய பவுல் ஆலயம்தானே என்று அத்தை நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். பழைய வருஷ ஆராதனைக்கு அவர் ஊரில் யார் யார் கயிறு இழுத்தார்கள் என்று அரை மணி நேரம் அவர்தான் கதை சொன்னார்.

நேற்று தலைப்புக்கு விளக்கம் சொல்லவேண்டிய இடம் வந்தது. அந்த ஊரில் யாராவது இறந்தால், ஆலய மணியில் ஆண் என்றால் முதலில் ஒன்பது அடி (அந்த அடிகளைத்தான் ‘டெய்லர்’ என்கிறார்கள்), பெண் என்றால் ஆறு, அப்புறம் இறந்தவரின் வயதுக்கு ஒவ்வொரு அடி. அத்தை முருங்கைக் கீரையை உருவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கை நின்றது.

“பொம்பளைக்கு ஏன் ஆறு?”